மடிக்காத ஓரம்

மின்சாரத்தையே இன்னும் பார்த்திராத அந்தப் பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது.

சந்திரமௌலி கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தான். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் இருக்குமே, அந்தச் சூடு. வெயிலில் வந்ததால் இருக்கும் என்று எண்ணினான்; எண்ணி முடிப்பதற்குள் அதன் அபத்தம் அவனுக்கே தெரிந்துவிட்டது. விடியற்காலையில் பிடித்த ஐப்பசி மழை இன்னும் விடவில்லை. ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையிலிருந்து மயிலாப்பூர் வரை, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் பெட்டியை நிறுத்தி, துணி சுற்றி, அதன்மேல் ரெக்சினைப் போர்த்தி, முழங்கால்களால் அணைத்துக்கொண்டு நனைந்தபடியே ஓட்டி வந்திருந்தான். சில்லென்று இருக்க வேண்டிய தகடு. அவனுடைய விரல்கள்தான் சில்லென்று இருந்தன.

கூடத்தில் மழைக்காலத்துப் பிற்பகல் இருட்டு. ஈரத்துணியின் வாடை, பட்டறை எண்ணெயின் வாடை, அவற்றுக்கு அடியில் நாக்கில் செப்புக்காசை வைத்தாற்போல் இன்னொரு வாடை. சுவரோரம் நீரஜாவின் வீணை உறை போட்டுப் படுத்திருந்தது. பக்கத்தில் அவளுடைய பழைய சுருதிப் பெட்டி, துருத்தியைக் கையால் அசைத்து ஒலிக்கவிடும் மரப்பெட்டி. அதற்கு அருகில்தான் தகரப் பெட்டியை இறக்கி வைத்திருந்தான். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. அப்படி அமைய வேண்டும் என்றுதான் அதை வரைந்திருந்தான்.

சுற்றி வந்த துணியை உதறினான். வெள்ளைத் துணி. அதில் ஒரு சொட்டுக் கறைகூட இல்லை. 'நல்லதாய்ப் போயிற்று' என்று நினைத்தான். பிறகுதான், எப்படிக் கறை இல்லாமல் போயிற்று என்ற கேள்வி மெல்ல எழுந்து வந்து அவன் எதிரில் உட்கார்ந்தது.

"எப்போ வந்தேள்? குரலே குடுக்கலையே." சமையலறையிலிருந்து நீரஜா ஈரக்கையைத் துடைத்தபடி வந்தாள். "தலையைத் துவட்டிக்கோங்கோ முதல்ல. சாதம் போடட்டுமா?"

"வேண்டாம். ஆறு மணிக்கு ஸ்ரீநாத்தோட வேன் வந்துடும். அதுக்குள்ள கார்டு ரெண்டையும் உள்ள பொருத்தியாகணும்."

"கைல என்ன அது, சிவப்பா?"

நகக்கண்ணைப் பார்த்தான். "ரெட் ஆக்சைடு பெயின்ட். பட்டறைல எங்கேயாவது பட்டிருக்கும்."

"கரீம் பாய் சௌக்கியமா? தீபாவளி மைசூர்பாகு அவருக்குன்னு தனியா எடுத்து வெச்சேன். நீங்க பாட்டுக்கு மறந்துட்டுப் போயிட்டேளே."

மௌலி ஈரச் சட்டையைக் கழற்றுகிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டான்.

ஸ்ரீநாத் அடையாறில் அடுக்குமாடி வீடுகள் கட்டுகிறவர். இன்னும் கட்டாத வீட்டைக் கம்ப்யூட்டர் திரையில் எழுப்பி, வாங்க வருகிறவர்களை அதற்குள் அறை அறையாக நடத்திக் கூட்டிப் போக வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு போதவில்லை; படம் திக்கித் திக்கி நகர்ந்தது. அந்த வருஷம் புதிதாக வந்திருந்த முப்பரிமாணக் கார்டு இரண்டை அருகருகே வைத்துச் சின்ன ரிப்பன் கேபிளால் இணைத்தால், இரண்டும் ஒரே படத்தைப் பங்கு போட்டு வரைந்தன. வீட்டுக்குள் தண்ணீரில் மிதப்பது மாதிரி நடக்கலாம். ஆனால் கார்டு ஒவ்வொன்றும் ஒரு சாணுக்குச் சற்றே கூடுதல். அடுப்புப் போலக் கொதிக்கும். அவற்றைத் தாங்கும் கேபினட்டுகள் எல்லாம் பீரோவுக்குப் பிறந்த குட்டிகள் மாதிரி இருந்தன. ஸ்ரீநாத் கேட்டது, கையில் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் வீட்டுக்கே போகும்படியான ஒரு பெட்டி.

தி. நகர் கம்பெனி வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஏதாவது செய்யக் காத்திருந்த மௌலிக்கு அது கடவுள் கொடுத்த வாய்ப்பாகப் பட்டது. இது ஒன்று கைகூடினால் அவனுக்கு ஒரு தொழில் உண்டு. தவறினால் மாமனாரிடம் போய் நிற்க வேண்டும். ஒரு நாள் நீரஜா சாதகம் செய்யும்போது சுருதிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு வழி புலப்பட்டது. மதர்போர்டைப் பக்கச் சுவரில் நிறுத்து. கார்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவை. கீழே காற்றை உள்ளே இழு, மேலே வெளியே விடு. துருத்தி மாதிரி பெட்டி மூச்சு விட வேண்டும். இரண்டு கார்டுக்கும் நடுவே ஒரு தகடு. ரிப்பனை மாட்டக் கை போய்வர அதில் ஒரு ஜன்னல்.

வினை அந்த ஜன்னலில்தான் வந்தது.

இனாயத் அவனோடு பாலிடெக்னிக்கில் படித்தவன். அப்பாவின் தகட்டுப் பட்டறையை எடுத்து நடத்துகிறவன். அந்தப் பட்டறையில் இரண்டு வழக்கங்கள் உண்டு. தகட்டில் கை படக்கூடிய ஓரம் எதுவானாலும் அதை உட்பக்கமாக மடித்துத்தான் விடுவார்கள். முடிந்த பெட்டிக்குள் வெறுங்கையை விட்டு, 'பிஸ்மில்லா' சொல்லி, ஓரங்கள் எல்லாவற்றையும் ஒருமுறை சுற்றி வந்த பிறகுதான் அது வெளியே போகும். யார் வீட்டிலோ யாரோ ஒருவர் என்றைக்கோ திறக்கப்போகும் பெட்டி. முகம் தெரியாத அந்தக் கைக்காக இந்தக் கை முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வரும். அதைச் செய்கிறவர் கரீம் பாய் என்ற அப்துல் கரீம். போன மாதம் பெட்டியின் தகர முன்மாதிரியை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் வீட்டுக்கு அவர்தான் வந்தார். மௌலியின் விரல்கள் தடிமன் என்பதால் நீரஜா அதன் ஜன்னலில் கை விட்டு ரிப்பனை மாட்டிப் பார்த்தாள். விரலில் ஒரு கீறல் விழுந்தது, அவ்வளவுதான். பாய் பதறிப்போனார். "வீணை வாசிக்கிற கையும்மா அது" என்று சொல்லி, பையிலிருந்து அரத்தை எடுத்துத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவர், பிசிறு முழுவதும் போகும்வரை காப்பியைத் தொடவில்லை. ஆறிய காப்பியைக் கொட்டிவிட்டு நீரஜா புதிதாகக் கலந்து கொடுத்தாள். குடித்துவிட்டு அவர் டம்ளரைக் கழுவப் போனபோது கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

அசல் பெட்டியில் இரண்டாவது கார்டு உட்காரவில்லை. ஜன்னலின் மடித்த ஓரம் அரை நூல் அளவு இடித்தது.

"ஓரத்த மடிக்காம வுட்டா உக்காந்துடும்" என்று இனாயத் நேற்று சொன்னான். "ஆனா எங்க அத்தா கபுருலேர்ந்து எழுந்து வந்து ஒதைப்பாரு, பரவால்லியா?"

"மடிக்காதே. பெட்டியைத் திறக்கப் போறது நான்தானே?"

"இன்னிக்கு நீ. நாளிக்கு எவன் கைய வுடுவான்னு உனக்குத் தெரியுமா?" பிறகு சிரித்துத் தலையைச் சொறிந்தான். "சரி மச்சி, உன் தலையெழுத்து. நாளிக்கு அரம் போட்டுப் பிசிறையாவது எடுத்துட்றோம்."

இன்று வெள்ளிக்கிழமை. ஜும்மா தொழுகைக்காகப் பட்டறையே காலி. வெட்டி, வளைத்து, முடுக்கிய பெட்டி மேசைமேல் இருந்தது. பிசிறு மட்டும் எடுக்கவில்லை. மௌலி காத்திருக்க மனமில்லாமல் அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று ரெக்சினை விரித்துக்கொண்டிருந்தபோது, தொப்பியில் மழைத்துளிகளோடு கரீம் பாய் முதல் ஆளாகத் திரும்பி வந்தார்.

"முடிஞ்சிட்ச்சா தம்பி? அழகா கீது" என்றார். ஓரம் மடிக்காதது அவருக்குத் தெரியாது. வலது கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். மோதிர விரலில் நீலக்கல் வைத்த வெள்ளி மோதிரம்.

மௌலிக்கு ஒரு வார்த்தை போதும். 'பாய், ஓரம் மடிக்கலை.' அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. சொன்னால் அரத்தோடு உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். ஆறு மணி வேன்.

விழுங்கிவிட்டான்.

"பிஸ்மில்லா." கை உள்ளே போனது. பாதிச் சுற்றில் பாயின் நெற்றி சுருங்கியது. "இன்னாவோ இழுக்குது தம்பி" என்றார், வலியை விட ஆச்சரியத்தோடு. ஈரத்துணியைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. தொடர்ந்து, முறுக்கை உடைக்கிற சத்தம். மறுபடியும் ஒருமுறை.

அவர் கையை வெளியே இழுத்தபோது மணிக்கட்டு முழுக்கப் பிளந்திருந்தது. இரத்தம் சுவரில் அடித்தது. மேசையில், மௌலியின் முன்கையில், தரையில் கிடந்த தகட்டுச் சுருள்களில் அடித்தது. பாய் மேசைக்காலைப் பிடித்துக்கொண்டு கீழே வழுக்கி உட்கார்ந்தார். இடது கையால் வலது கையை நெரித்துப் பார்த்தார். விரல்களுக்கு நடுவே பொங்கி வந்தது.

"தம்பி... அந்தத் துணியக் குடு."

பெட்டியைச் சுற்றக் கொண்டுவந்த வெள்ளைத் துணி. சுத்தமான துணி அங்கே அது ஒன்றுதான். மௌலி துணியைப் பார்த்தான். மழையைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான்.

"இதோ பாய், பின்னாலயே ஆட்டோ அனுப்பறேன்."

பெட்டியைத் துணியில் சுற்றினான். குழாயில் முன்கையைக் கழுவினான். ஸ்கூட்டரைக் கிளப்பினான். ஆட்டோ ஸ்டாண்டில் ஒரே ஒரு ஆட்டோ நனைந்துகொண்டு நின்றது. நிறுத்தி, இறங்கி, சொல்லி, வழி காட்டி... வண்டி தானாகவே அதைத் தாண்டிப் போய்விட்டது மாதிரி இருந்தது.

இப்போது, கூடத்தில், துணியை மடித்து மூலையில் வைத்தான். மதர்போர்டைப் பக்கச் சுவரில் முடுக்கிவிட்டுக் கார்டுகளை உறையிலிருந்து எடுத்தான். மேலிருந்து இறக்கினால் போதும், ஜன்னல் பக்கம் போக வேண்டியதில்லை. முதல் கார்டு உட்கார்ந்தது. இரண்டாவது கார்டு, மடிக்காத ஓரத்தை மயிரிழையில் உரசிக்கொண்டு, க்ளிக் என்று அமர்ந்தது. எத்தனை இரவுகள் அந்தச் சத்தத்துக்காகக் கனவு கண்டிருப்பான்! சந்தோஷம் வரவில்லை.

மீதி ரிப்பன்தான். ஜன்னல் வழியாகத்தான் மாட்ட வேண்டும். இடுக்கியால் முயன்றான், நழுவியது. மெல்லிய விரல்கள் வேண்டும். மார்கழியில் முதல் சபாக் கச்சேரிக்கு அந்த விரல்கள் இரவும் பகலும் சாதகம் செய்கின்றன.

'அவளைக் கூப்பிட மாட்டேன்' என்று சொல்லிக்கொண்டான். 'மாட்டேன்.'

மின்சாரம் போனது. தலைக்கு மேல் மின்விசிறி சலித்துக்கொண்டே நின்றது. குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உதறி அடங்கியது. மழையின் சத்தம் மட்டும் மிஞ்ச வேண்டிய இடத்தில் இன்னொன்றும் மிஞ்சியது. ஆழத்தில், ஒரே சீராக, நீண்டுகொண்டே போகும் ஒரு ஸ்வரம்.

"ஏன்னா, சுருதிப் பெட்டியை ஏன் நோண்டறேள்?" சமையலறையிலிருந்து நீரஜாவின் குரல். "என் சுருதிக்கே வெச்சிருக்கேள், பரவாயில்லையே!"

மரப்பெட்டியின் துருத்தி மூடிக் கிடந்தது. ஒலி வந்தது தகரப் பெட்டியிலிருந்து. எந்தக் கம்பியும் இணைக்காத அதன் விசிறி இருட்டில் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. நின்றது. மறுபடி சுழன்றது. மூச்சு இழுப்பது போல, விடுவது போல. வெற்று மார்பில் கிடந்த ஈரப் பூணூல் அசைந்து, நிமிர்ந்து, பெட்டியை நோக்கி நீண்டு, அந்தரத்தில் நின்றது.

இரண்டடி பின்னால் நகர்ந்தான். பூணூல் மார்பில் விழுந்தது.

தொலைபேசி அலறியது.

"மௌலி." இனாயத்தின் குரல் தேய்ந்து போயிருந்தது. "கரீம் பாய் மௌத்தாயிட்டாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே. ஒடம்புல ரத்தமே இல்லன்ட்டாங்க."

மௌலி ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான்.

"நாங்க வந்தப்ப அவரு தனியா தரைல கெடக்குறாரு. நீ எப்ப கெளம்புன? நீ பாத்தியா?"

"நான்... அதுக்கு முன்னாடியே கிளம்பிட்டேன்."

"வெரலு ரெண்டு இல்ல மச்சி. பட்டறய மூல முடுக்கெல்லாம் பெருக்கிப் பாத்துட்டோம். டாக்டரு, இது தகடு வெட்டுனது மாதிரியே இல்லன்றாரு. கடிச்சிருக்குன்றாரு." குரல் உடைந்தது. "பாயோட சம்சாரம் ஜைதூன் பீ அக்கா வாசல்ல ஒக்காந்துகினு ஒண்ணே ஒண்ணுதான் சொல்லுது. முழுசாக் கொண்டாந்து அடக்கம் பண்ணுங்க, எனக்கு வேற இன்னா வேணும்ன்னுது. பொட்டிக்குள்ள கீதா பாரு மௌலி. கெடச்சா உடனே எடுத்துகினு வா."

"பார்க்கறேன். ஆறு மணிக்கு மேல வரேன்."

"ஆறு மணிக்கு மேலயா?" என்றான் இனாயத். வேறு யாரிடமோ பேசுவது போல இருந்தது அந்தக் குரல். தொடர்பு அறுந்தது.

திரும்பினான். கையில் விளக்கோடு நீரஜா நின்றிருந்தாள்.

"கரீம் பாய்க்கு என்ன?"

சொன்னான். தான் அங்கே இருந்ததை மட்டும் சொல்லவில்லை. நீரஜா அழுதாள், ஓசையில்லாமல், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு. பிறகு அவளுடைய பார்வை அவனுடைய நகக்கண்ணில் வந்து நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பானோ என்னவோ.

கீழே ஹாரன் கேட்டது. "வேன் வந்துடுத்து போல. பார்த்துட்டு வரேன். பெட்டியைத் தொடாதே" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான். கணுக்கால் அளவு தண்ணீர். அது யாரோ ஒருவருடைய கார், வேன் இல்லை. கோயிலில் சாயரட்சை மணி அடித்தது. கை தானாகக் கூப்பிக்கொள்ளப் போனது. பாதியில் நின்றுவிட்டது. கைகளை ஒன்றோடொன்று சேர்க்க அவனுக்கு அச்சமாக இருந்தது. மணியோசைக்கு அடியில், மழைக்கு அடியில், மாடிப்படி வழியாக அந்த ஸ்வரம் இறங்கி வந்துகொண்டிருந்தது. இப்போது கொஞ்சம் உரக்க.

திடீரென்று அவனுக்கு உறைத்தது. நீரஜாவிடம் என்ன சொன்னோம்? விரல்கள் உள்ளே இருக்கலாம் என்று சொன்னோம். யாரோ ஒரு பெண் வாசலில் உட்கார்ந்து அழுகிறாள் என்று சொன்னோம். இவள் சும்மா இருப்பாளா?

இரண்டிரண்டு படியாக ஏறினான்.

விளக்கைத் தரையில் வைத்துவிட்டு நீரஜா பெட்டியின் முன் மண்டியிட்டிருந்தாள். வலது கை ஜன்னலுக்குள் இருந்தது.

முழங்கை வரை.

பெட்டியின் ஆழம் ஒரு சாண்தான்.

கத்தப் போனவன் வாயைப் பொத்திக்கொண்டான். அவளுடைய தோலுக்கு ஒட்டினாற்போல் மடிக்காத ஓரம் விளக்கொளியில் வெள்ளைக் கோடாக மின்னியது. மூச்சு விட்டால் அறுக்கும். கண்ணாடி வளையல்கள்கூடச் சத்தமிடவில்லை.

"பயப்படாதேங்கோ" என்றாள் நீரஜா மிக மெதுவாக. கண்களை மூடியிருந்தாள். "யாரோ என் கையைப் பிடிச்சுண்டிருக்கா. ஓரத்துல படாம, அணைச்சு... அணைச்சு... வெளில கூட்டிண்டு வரா."

கை வெளியே வந்தது. ஒரு கீறல் இல்லை. உள்ளங்கையில் இரண்டு விரல்கள். இரத்தம் இல்லாமல், குளிப்பாட்டித் துடைத்தாற்போல் வெளுத்திருந்தன. ஒன்றில் நீலக்கல் மோதிரம்.

வீணைக்குப் போர்த்தும் பட்டுத்துணியை எடுத்து அவற்றைச் சுற்றினாள். குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றினாள். பிறகு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க அங்கதான் இருந்திருக்கேள்."

அவன் பார்வை மூலையில் மடித்து வைத்த வெள்ளைத் துணிக்குப் போனது.

"வாங்கோ. ரெண்டு பேரும் போகலாம். அந்த அம்மா கால்ல விழுந்து நடந்ததைச் சொல்லிடுங்கோ. நானும் கூட நிக்கறேன். இந்தப் பெட்டி கிடக்கட்டும்."

அப்போதும் ஒரு வார்த்தை போதும். 'வரேன்.' அவ்வளவே. இந்த உலகம் அந்த மாதிரிச் சின்ன வார்த்தைகளின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறது.

கீழே மறுபடி ஹாரன். இந்தத் தடவை நீளமாக. ஸ்ரீநாத்தின் வேன்.

"நீ ஆட்டோ பிடிச்சு முன்னாடி போ, நீரஜா. ரிப்பனை மாட்டிக் குடுத்துட்டுப் பின்னாலயே வரேன்."

சொன்ன பிறகுதான் அந்தப் 'பின்னாலயே' அவன் காதிலேயே விழுந்தது. நீரஜா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பட்டுப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல், படி இறங்கிப் போனாள்.

மௌலி மண்டியிட்டான். நீரஜாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே பயமில்லை. ரிப்பனை விரல் நுனியில் பிடித்தான். தடித்த விரல்களை ஒன்றாகக் குவித்தான். மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. எளிதாகப் போயிற்று. கேபிளின் ஒரு முனை கார்டில் பதிந்தது. மறுமுனையும் பதிந்தது.

முடிந்தது.

கையை இழுத்தான்.

உள்ளிருந்து ஒரு கை அவன் கையைப் பிடித்தது.

முரட்டுப் பிடி இல்லை. மெதுவாக. பழக்கப்பட்ட பிடி. காய்த்துப்போன உள்ளங்கை. கட்டைவிரல். ஆள்காட்டி விரல். நடுவிரல். அதற்கு மேல் விரல்கள் இல்லை.

"பாய்..."

அந்தக் கை அவன் கையை ஓரத்துக்குக் கொண்டு போனது. அணைத்து அல்ல. அழுத்தி. வேலையில் கவனமாக இருக்கிறவர் செய்வது போல, ஓர் இடம் விடாமல், சுற்றத் தொடங்கியது.

முதல் சுற்றில் தோல் உரிந்தது. வாழைப்பட்டை போல, நீளமாக.

"பாய், விடுங்கோ! பாய், சொல்லியிருக்கணும்... தப்பு... தப்பு பாய்!"

இரண்டாவது சுற்று. நரம்புகள். ஒவ்வொன்றாக. தந்தி அறுவது போல ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒலி. பெட்டியின் மேல் காலை உந்தி இழுத்தான். பெட்டி அசையவில்லை. கோயில் தூண் மாதிரி நின்றது. விசிறி வேகம் பிடித்தது. இரத்தம் பீறிட்டு வந்தது. பாதி வழியில் வளைந்து, திரும்பி, ஜன்னலுக்குள்ளேயே போனது. தரையில் ஒரு சொட்டு விழவில்லை.

மூன்றாவது சுற்று.

எலும்பு.

முறுக்கு உடையும் சத்தம்.

மல்லாந்து விழுந்தான். வலது கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. கண்ணாலேயே தேடினான். வெள்ளைத் துணி மூலையில் மடிப்புக் கலையாமல் இருந்தது. அதை நோக்கி ஊர்ந்தான். எட்டவில்லை. "யாராவது" என்றான். குரல் எழும்பவில்லை. "துணி... யாராவது..."

வாசலில் அழைப்பு மணி அடிக்க முடியாமல் யாரோ கதவைத் தட்டினார்கள். ஸ்ரீநாத்தின் குரல். "மௌலி சார்? ரெடியா?"

பெட்டி ஒரே சீராக, நீரஜாவின் சுருதியில், ஒலித்துக்கொண்டிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் ஜன்னல் நன்றாகத் தெரிந்தது. ரிப்பன் கச்சிதமாக மாட்டியிருந்தது. அதற்கு முன்னால், மடிக்காத ஓரத்தின் மேல், அவனுடைய வலது கை மெதுவாகச் சுற்றி வந்துகொண்டிருந்தது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

வலி மட்டும் இன்னும் அவனிடமே வந்துகொண்டிருந்தது.